நிலைக்கு வந்த வீடு

இலுப்பைக்கோட்டை கீழரத வீதியில், தேர் நிற்கும் நிலைக்கு அடுத்தாற்போல இருந்த செண்பகவடிவின் வீட்டுச் சுவருக்குள் தேனீக்கள் குடிவந்தது ஒரு மாசி மாதம், ரேஷன் கடையில் பாமாயில் போட்ட வெள்ளிக்கிழமை அன்று. பாமாயில் வாங்கப் போனவள் திரும்பி வந்து பார்த்தால், புறவாசல் சுவரில், அடுப்படி ஜன்னலுக்குக் கீழே, பூச வேண்டும் பூச வேண்டும் என்று பத்து வருஷமாகச் சொல்லியே பூசாமல் விட்ட ஓட்டை வழியாக ஒரு கூட்டம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவள் எண்ணெயை இறக்கி வைத்தாள், அரிசி களைந்தாள், உலை வைத்தாள், சோறு வடித்தாள், அப்போதும் போய்க்கொண்டிருந்தது. கடைசித் தேனீ உள்ளே போனபோது ரசம் கொதித்து இறக்கியாகிவிட்டது.

இரண்டு முழக் கனத்து மண்சுவர் அது. எலியும் கறையானும் தலைமுறை தலைமுறையாகத் தின்று உள்ளே ஓர் ஆள் படுத்துப் புரளும் அளவுக்கு வெற்றிடம் ஆக்கி வைத்திருந்தன. முதல் கூட்டம் வந்த எட்டாம் நாள் இரண்டாவது வந்தது, பங்குனி பிறப்பதற்குள் ஐந்தாவது வந்தது, வயலுக்கும் ஆற்றுக்கும் அந்தப் பக்கம் இலுப்பைத் தோப்பு பூத்த சித்திரையில் நாலு சுவருக்குள்ளும் தேனீ நிறைந்து, எந்தச் சுவரைத் தொட்டாலும் காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டது மாதிரி சுட்டது. அத்தனைக்கும் போக்குவரத்து அந்த ஒரே ஓட்டைதான். வரிசையில் போய் வரிசையில் வந்தன. இலுப்பைக்கோட்டை அப்படி ஓர் ஒழுங்கை ரேஷன் கடையில்கூடப் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் டீச்சர் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்தாள்.

"யக்கா, இத இப்படியே விட்டீங்கன்னா ரெண்டு மாசத்துல மனுசர் இருக்க எடமிருக்காது. வேப்பிலையும் தேங்கா மட்டையும் போட்டு ஒரு மூட்டம் போடுங்க. ஓடிரும்."

"அவியளுக்குக் கொட்டிருமோன்னுதான் எனக்குப் பயம். எந்திரிச்சு ஓடக்கூட முடியாதே அவியளால."

அவிய என்று அவள் சொன்னது புருஷன் சிவனணைந்தானை. தேர் ஓடும் நாளில் ஆயிரம் பேர் வடம் இழுப்பார்கள், அந்த ஆயிரம் பேரையும் ஊர் பார்க்கும். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்தபடி ஓடி, சரியான கணத்தில் அதன் அடியில் முட்டுக்கட்டையைச் செருகி, அசைந்து வருகிற அத்தனை பெரிய தேரை நிறுத்தவும் திருப்பவும் செய்கிற நாலு பேரை யாரும் பார்ப்பதில்லை. சிவனணைந்தான் அந்த நாலு பேரில் மூத்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆனித் தேரோட்டத்தில், தென்மேற்கு மூலையில், சாரல் ஈரத்தில் கால் வழுக்கி, அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே சக்கரத்தோடு போயிற்று.

போன கால் வலித்தது. அதுதான் அந்த வீட்டின் துயரம். இருக்கிற கால் சும்மா கிடக்க, இல்லாத காலின் பெருவிரலை யாரோ திருகுகிறார்கள், குதிகாலில் ஆணி அடிக்கிறார்கள் என்று அவர் ராத்திரி ராத்திரியாகக் கத்தினார். பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், வைத்தியர் எண்ணெய் கொடுத்தார், மாத்திரையும் எண்ணெயும் இருக்கிற காலுக்குத்தான் கேட்டன. செண்பகவடிவு கட்டில் ஓரம் உட்கார்ந்து, கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஜமுக்காளத்தைப் பிடித்துப் பிடித்துவிடுவாள். "இன்னும் கொஞ்சம் கீழ" என்பார் அவர். அவளும் கீழே தள்ளிப் பிடித்துவிடுவாள். மூன்று வருஷமாக அவர்கள் இருவரும் ஒரு முழு ராத்திரி தூங்கியதில்லை.

டீச்சர் சொன்னபடி ஒரு மத்தியானம் அவள் புறவாசலில் மூட்டம் போட்டாள். மட்டை பற்றி, வேப்பிலை கருகி, முதல் புகை ஓட்டைக்குள் போகும் நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. தேனீக்களுக்குக் கோபம் வந்துவிட்டதென்று நினைத்து முந்தானையால் தலையை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். கட்டிலை அன்றுதான் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தாள். சிவனணைந்தான் முதுகைச் சுவரில் சாய்த்து, வாயைத் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் இந்தக் குறட்டைக்காக அவள் அம்மா வீட்டுக்குப் போகப் பார்த்தவள். இப்போது நிலைப்படியில் நின்று, அதை ஏதோ நாதஸ்வரக் கச்சேரி போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் வெளியே ஓடிப்போய்க் குடத்துத் தண்ணீர் முழுவதையும் மூட்டத்தின் மேல் கொட்டினாள்.

"இருந்துக்கிடுங்க," என்றாள் சுவரைப் பார்த்து. "எத்தனை பேரு வேணும்னாலும் வந்து இருந்துக்கிடுங்க தாயி."

அவர் எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. "ஏட்டி, இந்தச் சுவரு உறுமுது பாரு, அது எலும்புக்குள்ள போயி வலியப் பிடிச்சு அமத்திருதுட்டி," என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் தூக்கம் என்றால் தேனீ, தேனீ என்றால் தூக்கம் என்று ஆயிற்று.

வீடு தரையை விட்டு எழுந்தது வைகாசி விசாகத்துக்கு மறுநாள். விளக்கேற்றும் நேரத்தில் செண்பகவடிவு கழுநீர்ச் சட்டியோடு வாசலைத் தாண்டினாள், தரை ஒரு சாண் தாமதமாக வந்தது. தடுமாறி நின்று, சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். வீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது, அந்த இடைவெளி வழியாகப் புறவாசல் துவைகல் தெரிந்தது, டீச்சர் வீட்டுக் கோழி ஒன்று குஞ்சுகளோடு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நிதானமாக நடந்து வந்தது. அவள் கழுநீரைத் தென்னைக்கு ஊற்றிவிட்டு, காலை உயர்த்தி வைத்து உள்ளே ஏறிக்கொண்டாள். சோறு வடிக்க நேரமாகியிருந்தது.

விஷயம் இவ்வளவுதான். காலையில் வெயில் ஏறி, தேனீக்கள் மேய்ச்சலுக்குப் போனதும் வீடு இறங்கி மண்ணில் உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலம் அத்தனையும் வீடு திரும்பி, சுவருக்குள் சிறகடிக்கத் தொடங்கியதும் வீடு ஓசையில்லாமல் எழும். பூ நிறைய இருந்தால் கூடுதலாக எழும். மலையிலிருந்து சாரல் இறங்கி, தேனீக்கள் வெளியே போகாத நாட்களில் பகலெல்லாம் முழங்கால் உயரத்தில் நிற்கும். விளக்கு அசையாது, கட்டில் அசையாது, அடுப்பில் பால் பொங்காது.

ஊர் முதலில் வந்து பார்த்தது. வந்தவர்கள் குனிந்து, வீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே கையை விட்டு வீசிப் பார்த்து, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பொறியியல் கல்லூரி வாத்தியார் ஒருவர் வெள்ளைச் சட்டையோடு மல்லாந்து படுத்து உள்ளே பார்த்தார், எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். மின்வாரியத்திலிருந்து வந்த ஆள் கம்பத்திலிருந்து வருகிற ஒயரை இரண்டு கெஜம் தொய்வாக விட்டு, "இனி எம்புட்டு ஏறுனாலும் அறாது" என்று சொல்லிப் போனார். மரியபுஷ்பம் டீச்சர் வாசலில் போட்டுக்கொள்ள முக்காலி கொடுத்தாள். அவள் கோழிகள் வீட்டுக்கு அடியில் முட்டையிடப் பழகின, காலையில் வீடு இறங்குவதற்குள் முட்டையை எடுத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் தொந்தரவு. அதை ஆசீர்வாதம் என்றவர்களும் உண்டு, ஆகாதது என்றவர்களும் உண்டு. ஒரு மாதம் இரண்டு கட்சியும் டீக்கடையில் வாதாடின. பிறகு ஊராட்சித் தேர்தல் வந்தது, பேச்சு அதற்குத் தாவியது.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. கீழரத வீதியில் பாதி வீடுகள் கோயில் அடிமனையில் நிற்பவை. மண் சுவாமிக்கு, அதன் மேல் நிற்கிற சுவரும் ஓடும் குடியிருப்பவனுக்கு. பாட்டன் காலம் முதல் அப்படித்தான், யாருக்கும் அதில் கேள்வி வந்ததில்லை. கோயிலுக்குப் புதிதாக வந்த செயல் அலுவலர், வெளியூர்க்காரர், எப்போதும் அலுவலகக் கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கிறவர், சாரல் சீசன் கூட்டத்துக்கு வண்டி நிறுத்துமிடம் வேண்டும் என்று செண்பகவடிவின் மனையைத் தேர்ந்தெடுத்தார். அன்று சாரல். வீடு முழங்கால் உயரத்தில் நின்றது. அவர் அண்ணாந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், ஆனால் அவர் எழுதி வைத்திருந்த தாளில் அதற்கு இடமில்லாததால் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"அம்மா, மண்ணு கோயிலுக்குப் பாத்தியப்பட்டது. வீடு உங்களுக்குப் பாத்தியப்பட்டது. உங்க வீட்டை நீங்க தாராளமா எடுத்துக்கலாம். ஆடி முடியறதுக்குள்ள மண்ணை விட்டுடணும். கல்லாங்குத்துல உங்களுக்கு மாத்து இடம் ஒதுக்கியிருக்கு."

"சார், இடிச்சா சுவரு போயிரும். சுவரு போனா இவியளுக்குத் தூக்கம் போயிரும்."

அவர் கோப்பைப் புரட்டினார். தூக்கத்துக்கும் அதில் இடமில்லை. "ஆடி முப்பது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் பொல்லாதவர் இல்லை. போகும்போது, தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாதென்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனார்.

செண்பகவடிவு அன்று அழுதாள். சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும்படியாக அழுதாள். மறுநாள் உச்சிமாகாளி வந்தான். தேருக்கு முன்னால் நின்று துண்டை வீசி, ஆயிரம் பேரை ஒரே மூச்சில் இழுக்க வைக்கிறவன் அவன். சிவனணைந்தானோடு இருபது தேர் பார்த்தவன். முக்காலியில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் கேட்டான்.

"மைனி, அந்த ஆபீசர் என்ன சொன்னாரு? சரியாச் சொல்லுங்க."

"வீட்ட எடுத்துக்கிட்டுப் போங்கன்னாரு."

"இடிச்சு எடுத்துக்கிட்டுப் போங்கன்னாரா, சும்மா எடுத்துக்கிட்டுப் போங்கன்னாரா?"

"சும்மாதான்."

உச்சிமாகாளி குனிந்து வீட்டுக்கு அடியில் பார்த்தான். அந்தக் கோடியில் வயலும் வானமும் தெரிந்தன. "அப்ப எடுத்துக்கிட்டுப் போவோம்," என்றான். "தேரையே இழுக்கிறோம். இதுக்குச் சக்கரம்கூடக் கிடையாது."

ஆடி இருபத்தேழு அன்று சாரல் விடாது என்று மலையைப் பார்த்துச் சொன்னார்கள். செயல் அலுவலர் தாமே முன்வந்து, கோயில் மண்டபத்தில் கிடந்த பழைய வடத்தைக் கொடுத்தார், மண் சீக்கிரம் கிடைத்தால் சரி அவருக்கு. காலை எட்டு மணிக்கு ஊர் கூடிவிட்டது. மின்வாரிய ஆள் ஒயரைக் கழற்றிவிட்டார். வாசல் நிலைக் கட்டையில் வடத்தைச் சுற்றிக் கட்டினார்கள். வழி தெளிவாகப் பேசி முடிவாகியிருந்தது: கீழரத வீதியில் தெற்கே போவது, மூலை வந்ததும் வலது பக்கம் திரும்பாமல் நேரே கல்லாங்குத்து ரோட்டைப் பிடிப்பது, வெயில் வருவதற்குள் போய்ச் சேருவது. நடுவழியில் வெயில் வந்தால் தேனீக்கள் கிளம்பிவிடும், வீடு நின்ற இடத்தில் உட்கார்ந்துவிடும், அப்புறம் யார் அப்பன் வந்தாலும் அசையாது. உச்சிமாகாளி இதை மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

செண்பகவடிவு உள்ளே கட்டிலோரம் உட்கார்ந்து புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே சங்கு ஊதியது, உச்சிமாகாளியின் துண்டு மேலே போய்க் கீழே வந்தது, வடம் விறைத்தது, பாட்டன் காலத்திலிருந்து அங்கேயே நின்ற வீடு, அடுப்பும் அம்மியும் சாமி படமும் கொடியில் காய்கிற ஈரச் சேலையுமாக, ஓர் உலுக்கலுமில்லாமல் வாசல் முன்னாக நழுவி வீதிக்கு வந்து, தெற்கே திரும்பிற்று. ஜன்னலில் தேரின் சக்கரம் தெரிந்தது, பிறகு பூக்கடை தெரிந்தது, பிறகு தன் வீட்டு வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்த மரியபுஷ்பம் டீச்சர் தெரிந்தாள், எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. சுவர்களுக்குள் லட்சம் சிறகுகள் ஒரே சுருதியில் நின்றன. செண்பகவடிவுக்கு மயிர்க்கால் எல்லாம் சிலிர்த்தது. ஊரே தேரில் சுவாமியைப் பார்த்து நிற்கிறது, தேரிலிருந்து பார்த்தால் ஊர் இப்படித்தான் தெரியுமா என்று அவள் அதுவரை யோசித்ததேயில்லை.

மூலை வந்தது. நேரே போக வேண்டிய இடம். இலுப்பைக்கோட்டைக்காரர்கள் பிறந்து நடக்கத் தெரிந்த நாளிலிருந்து வடம் பிடிக்கிறவர்கள். கையில் வடம் இருக்கும்போது அந்த மூலையில் நேரே போனவன் ஒருவனும் கிடையாது. முன்னால் இருந்தவன் திரும்பினான், அவனுக்குப் பின்னால் இருந்தவன் திரும்பினான், வடம் பிடித்த நானூறு பேரும் திரும்பினார்கள், பின்பக்கமாக நடந்தபடி துண்டு வீசிக்கொண்டிருந்த உச்சிமாகாளியும் அழகாக வளைந்து திரும்பினான். வீடு தெற்குரத வீதிக்குள் நுழைந்தது. ஒருவருக்கும் தெரியவில்லை.

செண்பகவடிவுக்குத் தெரிந்தது. ஜன்னலில் கல்லாங்குத்து ரோட்டுப் புளியமரத்துக்குப் பதிலாகப் பாத்திரக் கடை வந்தது. அவள் சட்டென்று எழுந்து, கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தாள்.

"உக்காரு," என்றார் சிவனணைந்தான் மெதுவாக.

"வழி தப்பிப் போறாவளே."

"தெரியும். திரும்பும்போதே எனக்குத் தெரிஞ்சுட்டு." அவர் கண்ணில் மூன்று வருஷமாகக் காணாமல் போயிருந்த ஒரு குறும்பு வந்திருந்தது. "கூப்பிடாத. போற வரைக்கும் போட்டும்."

அவள் உட்கார்ந்தாள். வாயை இறுக்க மூடிக்கொண்டாள். செய்வது தப்பு என்று தெரிந்தது, ஆனாலும் அவள் கூப்பிடவில்லை.

தென்மேற்கு மூலையில் வீடு தானாகவே நின்றது. வடம் தொய்ந்தது. அங்கே வந்ததும் எல்லோருக்கும் கை தளர்ந்துபோயிற்று, ஏனென்றால் அது அவர் விழுந்த இடம், நானூறு பேரில் பாதிப் பேர் அன்றைக்கும் வடம் பிடித்திருந்தவர்கள், தாங்கள் இழுத்த இழுப்பில்தான் அது நடந்தது என்று மூன்று வருஷமாக மனசுக்குள் வைத்து மருகுகிறவர்கள். அதை அவரிடம் வாய்விட்டுச் சொன்னவர் ஒருவருமில்லை. சாரல் மட்டும் ஓட்டில் விழுந்தது. சிவனணைந்தான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"என்னவே நிக்கிய?" என்று அவர் கத்தினார். "தேரு நடுரோட்டுல நின்னா ஊருக்கு ஆகுமா? இழுங்கவே!"

உச்சிமாகாளி அழுதுகொண்டே துண்டை வீசினான். அதற்குப் பிறகு இழுத்த இழுப்பை இழுப்பு என்று சொல்ல முடியாது. மேலரத வீதியையும் வடக்குரத வீதியையும் வீடு காற்றில் பஞ்சு போவது போலக் கடந்தது. பெண்கள் குலவையிட்டார்கள், மாடியிலிருந்து பூப்போட்டார்கள், தண்ணீர்க் குடத்தோடு வந்தவர்கள் வடத்துக்கு முன்னால் குடத்தைக் கவிழ்த்து வழியை நனைத்தார்கள். மனையை அளக்கக் கோயில் வாசலில் குடையோடு காத்திருந்த செயல் அலுவலர், என்ன சத்தம் என்று பார்க்க வந்தவர், கூட்டம் தள்ளியதில் வடத்தின் மேல் வந்து விழுந்தார், விழுந்தவர் பிடித்தார், பிடித்தவர் இழுத்தார். குடை போன இடம் தெரியவில்லை. கோப்பு மட்டும் கக்கத்தில் இருந்தது.

கீழரத வீதிக்குள் திரும்பி, தேர் நிலைக்கு வந்ததும் எல்லோர் காலும் ஒன்றாக நிற்கப் பார்த்தன. நிலையில் தேர் இருந்தது. அதற்கு அடுத்தாற்போல ஒரு வீடு அளவுக்குக் காலியிடம் இருந்தது. முன்னால் போனவர்கள் காலியிடம் வழியாக வயலில் இறங்க, வாசலில் கட்டிய வடம் வாசல் முன்னாகவே இழுத்தது, வீடு முகத்தை வயல் பக்கமும் முதுகை வீதிப் பக்கமுமாக வைத்துக்கொண்டு, அந்தக் காலியிடத்துக்குள் கச்சிதமாக நுழைந்தது. அந்த நேரத்தில் மலைமேல் மேகம் விலகி வெயில் வந்தது. ஓட்டை வழியாகத் தேனீக்கள் ஆறாகப் பெருகி, ஓட்டுக்கு மேலாக எழும்பி, வயலைத் தாண்டிப் போயின. வீடு இறங்கி உட்கார்ந்தது.

நானூறு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நிலையைப் பார்த்தார்கள், வீட்டைப் பார்த்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். உச்சிமாகாளி தலையில் அடித்துக்கொண்டான். யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார், வீதி முழுக்கச் சிரித்தது. ஆனால் நிலைக்கு வந்ததற்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட முடியாது. யாரோ தேங்காய் உடைத்தார்கள், பட்டர் சூடம் ஏற்றி வீட்டுக்குக் காட்டினார், தட்டு வரிசையாக வந்தபோது செயல் அலுவலரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒற்றிய பிறகுதான் கையைப் பார்த்தார். உள்ளங்கை இரண்டும் வடத்து நார் உரசிச் சிவந்திருந்தன.

எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கோப்பைத் திறந்து நெடுநேரம் படித்தார்.

"மண்ணை விட்டு வீட்டை எடுக்கணும்னு உத்தரவு. எடுத்திருக்கீங்க. அது நிறைவேறிடுச்சு," என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நிலைக்கு வந்ததை மறுபடியும் எடுக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது" என்றார். கோப்பை மூடிக்கொண்டு, குடையைத் தேடிக்கொண்டு போனார்.

அன்று பகலெல்லாம் அந்த வீட்டில் கல்யாணக் கூட்டம். செண்பகவடிவு மூன்று தடவை காப்பி போட்டாள். சாயங்காலம் வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, வயல்காற்று உள்ளே வராமல் இருக்க வாசல் கதவைச் சாத்தினாள். விளக்கை ஏற்றினாள். அப்போது கதவில் மழை விழுவது போல ஒரு சத்தம் கேட்டது. சாரல் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தேனீக்கள் திரும்பி வந்திருந்தன. காலையில் ஓட்டை வழியாகப் போன அத்தனை ஆயிரமும், வயலைத் தாண்டி, எப்போதும் வருகிற நேர்கோட்டில், ஓட்டை எப்போதும் இருந்த இடத்துக்கு வந்திருந்தன. அந்த இடத்தில் இப்போது ஓட்டை இல்லை, அது வீட்டின் அந்தப் பக்கம், வீதியைப் பார்த்துப் போய்விட்டது. அந்த இடத்தில் இருந்தது சாத்திய வாசல் கதவு. தேனீக்கள் கதவில் மோதின, விழுந்தன, எழுந்தன, மறுபடியும் மோதின. கதவு தெரியாதபடி மொய்த்துக் கறுத்துவிட்டது. வேறு பக்கம் போய்த் தேடிப் பார்க்க அவற்றுக்குத் தெரியவில்லை. இதுதான் வீடு என்று அவற்றுக்குத் தெரியும், இங்கே வழி இருந்தது என்று தெரியும், அவ்வளவுதான். கல்லாங்குத்துக்கே போயிருந்தால் இவ்வளவும் வெறும் ஆகாயத்தை வந்து முட்டிச் செத்திருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மதிலுக்கு அப்பால் மரியபுஷ்பம் டீச்சர் கையில் செபமாலையோடு நிற்பது தெரிந்தது.

பின்னால் கட்டிலில் சிவனணைந்தான் முனகினார். சுவர் மௌனமாகியிருந்தது, குளிர்ந்துகொண்டிருந்தது. இல்லாத கால் விழித்துக்கொண்டது.

"செம்பகம்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "கதவத் தெற."

"ஐயோ, தெறந்தா அம்புட்டும் உள்ள வருமே. ஒங்க மேல விழுமே. நீங்க எப்படி ஓடுவீய?"

"நான் எதுக்குட்டி ஓடணும்? வீட்டுக்கு வாறவங்களுக்குக் கதவத் தெற."

அவள் அடுப்படிக்கு ஓடிப்போய், வீதியைப் பார்த்திருந்த ஜன்னலை, ஓட்டைக்கு நேர் மேலே இருக்கிற அந்த ஜன்னலை, அகலத் திறந்து வைத்தாள். விளக்கை அணைத்தாள். திரும்பி வந்து, அவர் மேல் ஒரு வேட்டியைப் போர்த்தப் போனாள், அவர் வேண்டாமென்று தலையசைத்தார். தாழ்ப்பாளை நீக்கி, கதவை இழுத்துத் திறந்து, கதவோடு கதவாகச் சுவரில் ஒட்டிக்கொண்டாள்.

அவை வந்தன. நிலைப்படியின் அகலம் முழுக்க, உயரம் முழுக்க, பட்டாசால் என்கிற அந்த முன்கூடத்தை நிறைத்துக்கொண்டு, காட்டுப் பூக்களின் மணத்தையும் வயலின் ஈரத்தையும் கொண்டு வந்தன. அவள் முகத்தில் காற்று அடித்தது, காதோரக் கூந்தல் பறந்தது. கட்டிலை அடைந்ததும் தாழ்ந்து, சிவனணைந்தானின் நெற்றி மேல், மூடிய கண் மேல், நெஞ்சின் மேல், மயிரிழை இடைவெளியில் போயின. சில களைத்துப்போய் அவர் தோளில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு எழுந்து போயின. அடுப்படியைத் தாண்டி, ஜன்னல் வழியாக இறங்கி, ஓட்டைக்குள் நுழைந்தன. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார். ஒன்றுகூடக் கொட்டவில்லை. அவள் எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. வாழ்நாளில் அவள் பார்த்த தேரோட்டம் அத்தனையும் சேர்ந்து அந்தப் பட்டாசால் வழியாகப் போவது போல இருந்தது. தன்னை அறியாமல் இரண்டு கையையும் கூப்பியிருந்தாள்.

சுவர் மெல்ல உறும ஆரம்பித்தது. காலுக்கடியில் தரை லேசாக, மிக லேசாக எழுந்தது.

அவள் கட்டிலைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இன்னும் ஒன்றிரண்டு தேனீக்கள் பிந்தி வந்துகொண்டிருந்தன. கதவைச் சாத்தாமல் அவள் நிலைப்படியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, வயலில் இருட்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, அவற்றுக்கு வழிவிட்டுக் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டாள்.